சனிக்கிழமை கிளம்புகிறோம்: கம்போடியக் குழந்தைகள் இல்லத்தில் கடைசி நாளை எப்படி நடத்துவது?

கிழக்குக்கரை | புதன், இரவு 10.15

வணக்கம். சிங்கப்பூரிலிருந்து கல்லூரி மாணவர்களை அழைத்துக்கொண்டு சியம் ரீப் வந்திருக்கிறேன். ஊரைத் தாண்டி, வயல்களுக்கு நடுவே ஒரு குழந்தைகள் இல்லம். தண்ணீர்த் தொட்டிக்கு மேடை கட்டினோம், நூலக அறைக்கு வண்ணம் அடித்தோம், மாலையில் ஆங்கிலப் பாடமும் விளையாட்டும். சனிக்கிழமை மதியம் கிளம்புகிறோம். அன்றைக்கு என்ன செய்வது என்பதில்தான் குழப்பம்.

இல்லப் பொறுப்பாளர் நிகழ்ச்சி நிரல் கொடுத்துவிட்டார். காலையில் பிள்ளைகளின் அப்சரா நடனம், பிறகு கேக், ஒவ்வொரு மாணவரும் தன் பங்குக்கு ஒரு பிள்ளையின் கையில் பரிசுப் பை கொடுப்பது, பேச்சு, குழுப்படம். பேருந்து வந்ததும் பிள்ளைகள் இரண்டு வரிசையாக நின்று கையசைக்க வேண்டும். வருகிற எல்லாக் குழுக்களுக்கும் இப்படித்தானாம்.

இன்று பாடம் முடிந்ததும் ஒரு சின்னப் பையன் எங்கள் மாணவி ஒருத்தியிடம், தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், "நீங்கள் எந்தச் சனிக்கிழமை?" என்று கேட்டிருக்கிறான். போவீர்களா என்று கேட்கவில்லை. எந்தச் சனிக்கிழமை என்றுதான் கேட்டான். அவள் அழுதுகொண்டே என்னிடம் வந்தாள். "அடுத்த வருடம் கட்டாயம் வருவேன்னு சொல்லட்டுமா அக்கா?" என்றாள். நாளை பதில் சொல்கிறேன் என்று அனுப்பி வைத்திருக்கிறேன். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

புனோம்பென்வாசி | புதன், இரவு 11.40

நான் இந்த நாட்டில் குழந்தை நலத்தில் பல வருடங்களாக வேலை பார்க்கிறேன். நேரம் குறைவு என்பதால் நேராகச் சொல்லிவிடுகிறேன்.

"வருவேன்" என்று சொல்ல வேண்டாம், கையில் டிக்கெட் இருந்தால் ஒழிய. சொல்கிறவளுக்கு அந்த நிமிடம் மனம் லேசாகும். கேட்ட பையன் அடுத்த வருடம் முழுக்க வாசலில் வண்டி நிற்கும்போதெல்லாம் எட்டிப் பார்ப்பான்.

அவனிடம் சொல்ல வேண்டியது கொஞ்சம்தான் (மிங் என்பது பராமரிப்புப் பெண்களைப் பிள்ளைகள் கூப்பிடும் பெயர்). "இந்தச் சனிக்கிழமை, சாப்பாட்டுக்கு அப்புறம் போகிறோம். உன்னோடு பந்து விளையாடியது எனக்குப் பிடித்திருந்தது. நீ வாசிக்க ஆரம்பித்த புத்தகத்தை மிங் உன்னோடு தொடர்ந்து வாசிப்பார்." இதை நாளைக் காலையிலேயே சொல்லிவிடுங்கள். கடைசி நிமிடத்தில் சொல்வதுதான் பிள்ளைகளுக்குப் பெரிய அடி. இந்நாட்டு மொழியான க்மேரில் சொல்ல, அந்த மிங்குகளில் ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும். நீங்கள் போன பிறகு இருக்கப் போவது அவர்தான். அந்தப் பேச்சில் அவர் முகமும் பிள்ளைக்குத் தெரிய வேண்டும்.

ஆளுக்கொரு பிள்ளை என்று பரிசு கொடுப்பதை விட்டுவிடுங்கள். ஒரு பையில் பொம்மை கார், இன்னொன்றில் வெறும் பென்சில் டப்பா என்று இருந்தால் இரவு முழுக்க அதே பேச்சாக இருக்கும். வாங்கியதையெல்லாம் மிங்குகளிடம் மொத்தமாகக் கொடுத்துவிடுங்கள், அவர்கள் தேவை பார்த்துப் பிரித்துக் கொடுப்பார்கள். கைபேசி எண், முகநூல் முகவரி எதையும் பிள்ளைகளுக்கு எழுதித் தர வேண்டாம்.

அந்த இரண்டு வரிசைக் கையசைப்பு கட்டாயம் வேண்டாம். பேருந்து புறப்படும்போது பிள்ளைகளுக்குச் செய்ய வேறு வேலை இருக்கட்டும்.

பினாங்கு_அண்ணாச்சி | வியாழன், காலை 7.05

தங்கச்சி, எங்கள் சங்கத்தின் சார்பில் கம்போடியாவிலும் வேறு இடங்களிலும் இல்லங்களுக்குப் போய் வந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். பிள்ளைகள் அந்தக் கேக்குக்காகக் காலையிலிருந்தே காத்துக்கிடப்பார்கள். ஆடுவதில் அவர்களுக்கு அத்தனை பெருமை. அதையும் வேண்டாம் என்றால் அவர்களுக்கு என்னதான் மிச்சம்? பிரிவு என்றால் அழுகை இருக்கத்தான் செய்யும். மறுநாளே ஓடி விளையாட ஆரம்பித்துவிடுவார்கள். ரொம்ப யோசித்து நல்ல நாளைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

நிழல்மரம் | வியாழன், காலை 9.30

அண்ணாச்சி, நீங்கள் அன்போடுதான் சொல்கிறீர்கள். ஆனால் "மறுநாளே ஓடி விளையாடுவார்கள்" என்ற இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். நான் கோயம்புத்தூரில் குழந்தைகளுக்கு மனநல ஆலோசனை கொடுக்கிறேன்.

ருமேனியாவில் 1989இல் ஆட்சி கவிழ்ந்த பிறகு, அரசு இல்லங்களில் அடைந்து கிடந்த குழந்தைகளின் நிலை உலகத்துக்குத் தெரிய வந்தது. 2000ஆம் ஆண்டுவாக்கில் புக்கரெஸ்ட் நகரில் நெல்சன், ஃபாக்ஸ், ஜீனா என்ற மூன்று அமெரிக்க ஆய்வாளர்கள் ஓர் ஆய்வைத் தொடங்கினார்கள். இல்லங்களில் இருந்த 136 சிறு குழந்தைகளில் பாதிப்பேரை வளர்ப்புக் குடும்பங்களுக்கு அனுப்பினார்கள். மற்றவர்கள் வழக்கமான பராமரிப்பில் இருந்தார்கள். குடும்பத்துக்குப் போனவர்கள், அதிலும் இரண்டு வயதுக்குள் போனவர்கள், அறிவு வளர்ச்சியிலும் ஒருவரிடம் பற்று வைப்பதிலும் தெளிவாக முன்னேறினார்கள். சாப்பாடும் கூரையும் மட்டும் ஒரு குழந்தைக்குப் போதாது, நிலையாக ஒரு முகம் வேண்டும் என்பதை அந்த ஆய்வு கண்ணெதிரே காட்டியது.

கம்போடிய இல்லம் ருமேனிய இல்லம் அல்ல, தெரியும். ஆனால் ஒன்றைக் கவனித்துப் பாருங்கள். யாரென்றே தெரியாத ஆள் வாசலில் இறங்கியதும் பிள்ளைகள் ஓடி வந்து மடியில் ஏறுகிறார்களா? அதைப் பார்த்து நமக்கு மனம் குளிர்ந்துபோகிறது. நம் வீட்டு மூன்று வயதுப் பிள்ளை அப்படிச் செய்யாது, அம்மாவின் புடவைக்குப் பின்னால்தான் ஒளியும். வருகிறவர்கள் எல்லோரும் போய்விடுவார்கள் என்று பழகிப்போன குழந்தைதான் எல்லோரிடமும் ஒரே மாதிரி ஒட்டிக்கொள்கிறது. மறுநாள் ஓடி விளையாடுவதும் அந்தப் பழக்கத்தில்தான் இருக்கலாம்.

உங்கள் மாணவர்கள் அழுதால் தப்பில்லை. பிள்ளைகள் முன்னால் உடைந்து அழ மட்டும் வேண்டாம், பேருந்தில் ஏறிய பிறகு அழட்டும்.

தாமிரபரணிக்காரன் | வியாழன், பிற்பகல் 1.20

இந்த இழையில் பிள்ளைகள் பக்கமிருந்து யாரும் பேசவில்லை. நான் இல்லத்தில் வளர்ந்தவன். கம்போடியா அல்ல, திருநெல்வேலிப் பக்கம். ஆனாலும் வெளிநாட்டுக்காரர்கள் வருவார்கள், போவார்கள்.

அக்கா, கடைசி நாளில் அழுதது அவர்கள். தேற்றியது நாங்கள். "டோன்ட் க்ரை சிஸ்டர்" என்று சொல்லப் பெரிய பையன்கள் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அழுதால் போனபிறகு பார்சல் வரும் என்பதும் எங்களுக்குத் தெரியும். எட்டு வயதில் இதெல்லாம் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

அன்று சாப்பாடு எப்போதும் தாமதமாகத்தான் வரும். ஆயாக்கள் எல்லோரும் வழியனுப்பும் வேலையில் இருப்பார்கள். சின்னவர்கள் பசியோடு சட்டை கசங்காமல் உட்கார்ந்திருக்க வேண்டும். அண்ணாச்சி சொல்வது போல கேக் பிடிக்கும்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் பேச்சு முடியும் வரை அதைப் பார்த்துக்கொண்டே நிற்க வேண்டும்.

இன்னொன்று. ஆயிரம் படம் எடுத்தார்கள். என் சின்ன வயதுப் படம் இன்று என்னிடம் ஒன்றுகூட இல்லை. எங்கோ ஜெர்மனியில் யார் வீட்டு ஆல்பத்திலோ இருக்கும். ஏதாவது கொடுக்க வேண்டும் என்று தோன்றினால், ஒவ்வொரு பிள்ளைக்கும் அவன் படத்தை அச்சடித்து, பின்னால் பெயரும் தேதியும் எழுதிக் கொடுங்கள்.

எனக்கு அம்மா இருந்தார். பீடி சுற்றினார். பொங்கலுக்கு என்னை வீட்டுக்குக் கூட்டிப்போவார். வந்தவர்களில் ஒருவர்கூட அவரைப் பற்றிக் கேட்டதில்லை.

கிழக்குக்கரை | வியாழன், இரவு 9.50

தம்பி, உங்கள் பதிவை மாணவர்கள் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். யாரும் பேசவில்லை. அப்புறம் ஒருவன் எழுந்து, நாளை ஊருக்குள் போய்ப் படங்களை அச்சடிக்கும் கடை எங்கே என்று விசாரிக்கிறேன் என்றான்.

இன்று பொறுப்பாளரோடு வெகுநேரம் பேசினேன். அவர் கெட்டவர் அல்ல, இதை அழுத்திச் சொல்கிறேன். நடனமும் வரிசையும் வேண்டாம் என்றதும் அவர் முகம் வாடிவிட்டது. "படம் இல்லாவிட்டால் அடுத்த மாதம் அரிசிக்கு யாரிடம் கேட்பேன்?" என்றார். இத்தனை பிள்ளைகளை வைத்துக்கொண்டு, வருகிற குழுக்களை நம்பித்தான் அவர் நாட்களை ஓட்டுகிறார். பிள்ளைகளின் முகம் தெரியாமல் தொட்டி, நூலகம், பாடம் நடக்கும் அறை என்று நல்ல படங்கள் எடுத்து, கணக்கோடு ஓர் அறிக்கையும் எழுதித் தருவதாகச் சொன்னோம். யோசித்து ஒத்துக்கொண்டார்.

தம்பி சொன்னது மனதில் இருந்ததால் பெற்றோர் பற்றியும் கேட்டேன். பெரும்பாலான பிள்ளைகளுக்குத் தாயோ தகப்பனோ இருக்கிறார்களாம். க்மேர் புத்தாண்டுக்கும், முன்னோருக்குப் படைக்கும் ப்சூம் பென் நாட்களிலும் பலர் ஊருக்குப் போய் வருகிறார்கள். எங்கள் பயணக் கையேட்டில் "ஆதரவற்ற குழந்தைகள்" என்று அச்சடித்திருக்கிறது.

புனோம்பென்வாசி | வியாழன், இரவு 11.10

அது உங்கள் இல்லத்தில் மட்டும் உள்ள நிலை அல்ல. கம்போடிய அரசும் ஐ.நா. குழந்தைகள் அமைப்பான யுனிசெஃப்பும் 2011இல் வெளியிட்ட ஆய்வில், இல்லங்களில் இருந்த பிள்ளைகளில் நான்கில் மூன்று பங்குக்கு மேல், பெற்றோரில் ஒருவராவது உயிரோடு இருப்பவர்கள் என்று தெரிந்தது. 2005 முதல் 2010 வரை இல்லங்களின் எண்ணிக்கை 75 சதவீதம் கூடியது. 1975 முதல் 79 வரை க்மேர் ரூஜ் இயக்கத்தின் ஆட்சியில் லட்சக்கணக்கானோர் மாண்டு பிள்ளைகள் அனாதையான காலம் எப்போதோ கடந்துவிட்டது. அமைதி திரும்பி, நாடு மெல்ல முன்னேறி வந்த வருடங்களில் ஏன் இல்லங்கள் பெருக வேண்டும்? அதே வருடங்களில் அங்கோர் கோயில்களைப் பார்க்க வரும் பயணிகள் கூட்டமும், கூடவே நன்கொடையும், தொண்டு செய்ய வருகிறவர்களும் பெருகினார்கள். சியம் ரீப்பில் ராத்திரி நேரத்தில் சுற்றுலாத் தெருவில் பிள்ளைகள் துண்டுச்சீட்டு கொடுத்து நடனம் பார்க்க அழைத்த காலம் உண்டு. "குழந்தைகள் சுற்றுலாக் காட்சிப் பொருள் அல்ல" என்று 2011இல் இங்கே ஒரு பிரசாரமே நடத்த வேண்டியிருந்தது.

பின்னர் நாடு முழுக்க எடுத்த கணக்கில் 406 இல்லங்களும் அவற்றில் 16,579 பிள்ளைகளும் இருப்பதாக வந்தது. அதன்பின் அரசு பல இல்லங்களை மூடியது, பிள்ளைகளைக் குடும்பங்களோடு சேர்க்கும் வேலையும் நடக்கிறது. இந்நாட்டின் 2006ஆம் ஆண்டுக் கொள்கையே இல்லம் என்பது கடைசி வழி, அதுவும் தற்காலிகம் என்றுதான் சொல்கிறது.

பினாங்கு_அண்ணாச்சி | வெள்ளி, காலை 6.50

சரி, கேட்கிறேன். பெற்றோர் இருந்தும் ஏன் விடுகிறார்கள்? பிள்ளை மேல் பாசம் இல்லாமலா? வீட்டில் வைத்திருந்தால் படிக்க வைக்க முடியாது. இல்லத்தில் மூன்று வேளைச் சோறு, பள்ளிக்கூடம், ஆங்கிலம். இல்லத்தை மூடிவிட்டால் அந்தப் பிள்ளை வீட்டுக்குப் போய் என்ன செய்யும், மாடு மேய்க்குமா? என் சொந்தப் பெரியப்பா மகனே விடுதியில் தங்கிப் படித்துத்தான் ஆசிரியர் ஆனார். ஏழைக்குக் கிடைக்கிற ஒரே ஏணியைப் பிடுங்கிவிடாதீர்கள்.

புனோம்பென்வாசி | வெள்ளி, காலை 8.15

அண்ணாச்சி, இந்த இழையிலேயே நல்ல கேள்வி இதுதான். பாசம் இல்லாமல் விடவில்லை. பாசத்தால்தான் விடுகிறார்கள்.

நான் போய்ப் பார்க்கிற வீடுகளின் கதை பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். கொஞ்சம் நெல்வயல், ஒரு போகம். கிணறு வெட்டவோ மருத்துவத்துக்கோ கடன் வாங்கியிருப்பார்கள், நிலப்பத்திரம் அடகில் இருக்கும். கடனை அடைக்கத் தாயும் தகப்பனும் தாய்லாந்துக்குக் கூலி வேலைக்குப் போவார்கள், பிள்ளை பாட்டியிடம் இருக்கும். இங்கே அரசுப் பள்ளி அரை நாள்தான், காலையிலோ மதியத்திலோ ஒரு முறை. மீதிப் பாடத்துக்கு ஆசிரியரிடமே காசு கொடுத்துத் தனியாகப் படிக்க வேண்டும். நடுநிலைப் பள்ளி ஊரை விட்டுத் தள்ளி இருக்கும், சைக்கிள் வேண்டும். அப்போது ஒருவர் வந்து "பிள்ளையை அனுப்புங்கள், படிக்க வைக்கிறோம்" என்கிறார். நீங்களும் நானும் அந்தப் பாட்டியாக இருந்தால் அனுப்பிவிடுவோம்.

ஆனால் அந்தப் பாட்டிக்குத் தேவைப்பட்டது என்ன? ஒரு சைக்கிள், தனிப்பாடக் கட்டணம், மாதம் ஒரு மூட்டை அரிசி. இல்லத்தில் ஒரு பிள்ளையை வைத்திருக்க ஆகும் செலவில் இதைத் தாராளமாகச் செய்யலாம், தம்பி தங்கைகளும் சேர்ந்து படிப்பார்கள். உங்கள் பெரியப்பா மகன் விடுமுறைக்கு யார் வீட்டுக்குப் போனார்? தன் வீட்டுக்கு. விடுதி அவரை எங்கெங்கிருந்தோ வந்தவர்கள் முன்னால் ஆட வைக்கவில்லை, அனாதை என்று சொல்லிப் பணம் கேட்கவும் இல்லை. அந்த மாதிரி ஏணியைப் பிடுங்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை.

எல்லாப் பிள்ளைகளையும் நாளைக்கே வீட்டுக்கு அனுப்பவும் முடியாது. அடிக்கிற வீடு உண்டு, யாருமே இல்லாத பிள்ளை உண்டு. ஒவ்வொரு குடும்பமாகப் போய்ப் பார்த்து, பிள்ளையிடம் கேட்டு, அனுப்பிய பிறகும் மாதாமாதம் பின்தொடர வேண்டிய வேலை. மெதுவாகத்தான் நடக்கும்.

நிழல்மரம் | வெள்ளி, காலை 10.00

ஆஸ்திரேலியாவில் 2017இல் நாடாளுமன்றக் குழு ஒன்று, நவீன அடிமைத்தனம் பற்றிய விசாரணையிலேயே அனாதை இல்லங்களுக்காகப் பிள்ளைகளைக் கடத்துவதைத் தனியாக எடுத்துப் பேசியது. 2019 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபையும், இல்லங்களில் தொண்டு செய்யப் போவதால் பிள்ளைகளுக்கு வரும் கேடு பற்றித் தீர்மானத்தில் எழுதியது. கல்லூரி நிர்வாகத்திடம் பேசும்போது இந்த இரண்டையும் சொல்லுங்கள். "ஆசிரியை உணர்ச்சிவசப்படுகிறார்" என்று தள்ளிவிட முடியாது.

கிழக்குக்கரை | சனி, இரவு 11.30

விமான நிலையத்திலிருந்து எழுதுகிறேன். இன்று நடந்ததைச் சொல்கிறேன்.

வியாழக்கிழமையே மிங்குகளை வைத்துப் பிள்ளைகளிடம் எல்லாம் சொல்லிவிட்டோம். கேள்வி கேட்ட பையனிடம் மாணவியே சொன்னாள், மிங் மொழிபெயர்த்தார். அவன் தலையாட்டிவிட்டு, "அப்போ இன்னும் ரெண்டு நாள் பந்து இருக்கு" என்று சொல்லிவிட்டு ஓடினான். அவள் எதிர்பார்த்தது இது அல்ல. எனக்கு நிம்மதியாக இருந்தது.

நடனத்தைப் பற்றிப் பிள்ளைகளிடமே கேட்டோம். மூத்த பெண்கள் நாலைந்து பேர் ஆட விரும்பினார்கள், மற்றவர்கள் வேண்டாம் என்றார்கள். ஆட விரும்பியவர்கள், அலங்காரம் எதுவும் இல்லாமல் சாதாரண உடையில், மர நிழலில் ஆடினார்கள். ஆடும்போது யாரும் கைபேசியை எடுக்கவில்லை. கேக்கை அதற்கு முன்பே வெட்டிவிட்டோம், தம்பி.

அப்புறம் விளையாட்டு. எங்கள் மாணவர்கள் குலைகுலையா முந்திரிக்காய் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார்கள். வட்டமாக உட்காரச் சொன்னதுமே பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். அவர்களிடம் அதே விளையாட்டு இருக்கிறது. க்ரமா என்கிற கட்டம் போட்ட துண்டை முறுக்கிக்கொண்டு சுற்றி வந்து, ஒருவர் முதுகுக்குப் பின்னால் போட்டுவிட வேண்டும். லியாக் கன்சைங் என்கிறார்கள். அப்புறம் அவர்கள்தான் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். துண்டால் முதுகில் அடி வாங்கி ஓடிய மாணவர்களைப் பார்த்துச் சமையல்கார அம்மாவுக்குக் கண்ணில் நீர் வரும் அளவுக்குச் சிரிப்பு.

சாப்பாடு நேரத்துக்கு வந்தது. பரிசுப் பொருட்கள் அலமாரிக்குப் போயின. படங்களை மிங்குகள் ஆளுக்கொன்றாகக் கொடுத்தார்கள், அதே படம் இல்லத்தில் உள்ள அவரவர் கோப்பிலும் ஒன்று போயிற்று. ஒரு சின்னப் பெண் தன் படத்தைப் பார்த்துவிட்டு, அம்மாவிடம் காட்ட வேண்டும் என்று மிங்கிடம் பத்திரப்படுத்தச் சொன்னாளாம்.

கிளம்பும்போது மூத்த பிள்ளைகள் பந்து விளையாடப் போய்விட்டார்கள், சின்னவர்கள் தூங்கப் போனார்கள். வாசலுக்கு வந்தது பொறுப்பாளரும் மிங்குகளும்தான். கைகூப்பி விடைபெற்றோம். எல்லாம் சுகமாக முடிந்தது என்று சொல்ல மாட்டேன். ஒரு பையன் மட்டும் காலையிலிருந்து எங்கள் பக்கமே வரவில்லை. கூப்பிட வேண்டாம், நான் பார்த்துக்கொள்கிறேன் என்று மிங் சொல்லிவிட்டார். பேருந்தில் மாணவர்கள் அழுதார்கள், அழ விட்டேன்.

தாமிரபரணிக்காரன் | ஞாயிறு, காலை 8.00

கேக்கை முதலில் வெட்டியதற்கு நன்றி அக்கா. வராத பையனைக் கூப்பிடாமல் விட்டதும் சரி. நான் அப்படி இருந்தபோது என்னை இழுத்து வந்து படத்தில் நிறுத்தியிருக்கிறார்கள்.

பினாங்கு_அண்ணாச்சி | ஞாயிறு, காலை 9.20

எங்கள் சங்கம் ஆண்டுதோறும் ஒரு தொகை ஒதுக்குகிறது. கூட்டத்தில் இந்தப் பேச்சை எடுக்கலாம் என்றிருக்கிறேன். ஆனால் இல்லத்துக்குக் கொடுப்பதைத் திடீரென நிறுத்தினால் அங்கே இருக்கிற பிள்ளைகள் பட்டினி கிடப்பார்களே? அதற்கு வழி சொல்லுங்கள்.

புனோம்பென்வாசி | ஞாயிறு, பகல் 12.45

திடீரென்று நிறுத்தக் கூடாது, அண்ணாச்சி. கொடுக்கிற பணத்தோடு சில கேள்விகளையும் அனுப்புங்கள். இல்லம் சமூக விவகார அமைச்சகத்தில் பதிவாகியிருக்கிறதா, கடைசியாக எப்போது வந்து பார்த்தார்கள்? எத்தனை பிள்ளைகளுக்குக் குடும்பம் இருக்கிறது, சென்ற வருடம் எத்தனை பேர் வீடு திரும்பினார்கள்? குடும்பங்களைப் போய்ப் பார்க்க ஒரு சமூகப் பணியாளர் இருக்கிறாரா? இல்லையென்றால், உங்கள் தொகையை அவருடைய சம்பளத்துக்கென்றே ஒதுக்குங்கள். மோட்டார் சைக்கிளுக்குப் பெட்ரோலும் சேர்த்து. வீடு திரும்பும் பிள்ளையின் பள்ளிச் செலவுக்கு அடுத்த பங்கு. அரிசிக்கான பணம் பிள்ளைகள் குறையக் குறைய அதன்படி குறையட்டும். நல்ல பொறுப்பாளர் இதற்கு ஒத்துக்கொள்வார். பிள்ளைகள் குறையவே கூடாது என்று நினைப்பவர் கோபப்படுவார், அதிலேயே உங்களுக்குத் தெரிந்துவிடும்.

கிழக்குக்கரை | ஞாயிறு, இரவு 8.30

எங்கள் பொறுப்பாளரிடம் இதைத்தான் அடுத்துப் பேசப் போகிறேன். கல்லூரியில் புதன்கிழமை கூட்டம். அடுத்த முறை பிள்ளைகளோடு நாள் கழிக்க ஆள் அனுப்ப வேண்டாம் என்று எழுதிக் கொடுக்கிறேன். கிளம்பும் முன் மிங்குகளிடம் என்ன தேவை என்று கேட்டதில், முதலுதவிப் பயிற்சியும், கணக்கு எழுதக் கணினியும் கேட்டார்கள். செவிலியர் படிப்பு மாணவர்களும் ஓர் ஆசிரியரும் போய் மிங்குகளுக்கு மட்டும் பயிற்சி நடத்தலாமா? ஏப்ரல் நடுவில் எங்களுக்கு விடுமுறை.

புனோம்பென்வாசி | ஞாயிறு, இரவு 10.05

நடத்தலாம், க்மேர் பேசும் உள்ளூர்ப் பயிற்சியாளர் ஒருவரைக் கூட வைத்துக்கொள்ளுங்கள். ஏப்ரல் நடுவில் மட்டும் வேண்டாம். நம் சித்திரைப் புத்தாண்டை ஒட்டித்தான் இங்கும் புத்தாண்டு. மிங்குகளும் ஊருக்குப் போய்விடுவார்கள், பிள்ளைகளில் பாதிப்பேர் வீட்டில் இருப்பார்கள். மே முதல் வாரம் பாருங்கள், நான் பயிற்சியாளரிடம் கேட்டு வைக்கிறேன்.